பதினேழு குறைகள்

சைக்கிளில் சாய்ந்து படுத்துக்கொண்டு போகிற ஆளைப் பேப்பரில் போடுகிறார்கள். இருபத்தெட்டு வருடமாக ஒரு நாள்கூட லேட்டாக வேலைக்குப் போகாதவனை யார் போடுகிறார்கள்?

வெங்கடகிருஷ்ணனுக்கு வயிறு எரிந்தது.

விஸ்வநாத்தும் அவரும் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். விஸ்வநாத் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு போனபோது, நடுத்தெருவுக்கு வரப்போகிறான் என்று கேன்டீனில் சொன்னவரே இவர்தான். தெருவுக்கு வந்தது என்னவோ அவன் பண்ணின சைக்கிள்தான். காலை முன்னால் நீட்டி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சைக்கிள். மிதிக்க மிதிக்க மோட்டாரும் சேர்ந்து தள்ளும். ஏ.எஸ்.ராவ் நகர் காலனி முழுக்க இதே பேச்சு.

"ஏன்னா, எவ்வளவு சமத்தா பண்ணியிருக்கார் பாத்தேளா?" என்று மனைவி கல்பகம் வேறு அந்தத் தெலுங்குப் பேப்பரைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள். அவளுக்குத் தெலுங்கு படிக்கவே வராது.

இந்த லட்சணத்தில் விஸ்வநாத்தே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். குவாலிட்டி கன்ட்ரோலில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை, ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக் கொடு என்றார்.

வெங்கடகிருஷ்ணன் ஓட்டிப் பார்த்தார். அவருடைய பல வருட முதுகுவலி, அந்த சீட்டில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் காணாமல் போயிற்று. அதில் இன்னும் ஆத்திரம் வந்தது.

குறை தேடினார். பெல் சத்தம் போதாது. சீட்டுத் துணி வெயிலில் சுடுகிறது. பெயின்ட் ரெண்டு இடத்தில் திட்டுத்திட்டாக இருக்கிறது. இப்படிப் பதினேழு எழுதினார். ஒவ்வொன்றும் எழுத எழுத மனசு குளிர்ந்தது.

பெரிய குறையை மட்டும் எழுதவில்லை. ஹேண்டிலை முழுக்க இடது பக்கம் ஒடித்தால் ஒரு ஒயர் இழுபட்டு, பிரேக் பிடித்தாலும் மோட்டார் நிற்காமல் தள்ளியது. ஞாயிற்றுக்கிழமை காலனி சங்கத்தில் விஸ்வநாத் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டப் போகிறான். அங்கே மானம் போகட்டும். அதையும் பேப்பரில் போடட்டும்.

வெள்ளிக்கிழமை காலை சைக்கிளையும் ரிப்போர்ட்டையும் கொண்டுபோய்க் கொடுத்தார். விஸ்வநாத் ஒரு வரி விடாமல் படித்தார். எல்லாம் சின்ன விஷயம்தான், சரிபண்ணிவிடலாம் என்று சொல்லி மகளைக் கூப்பிட்டார்.

ப்ரியம்வதா ஆபீஸ் பையோடு வந்தாள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவள். அவளுக்காகத்தான் இந்த சைக்கிளே என்பது வெங்கடகிருஷ்ணனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"கிளம்பும்மா. வெங்கட்டு அங்கிள் பாத்தாச்சு."

"தாங்க்ஸ் அங்கிள்," என்று சொல்லிவிட்டு அவள் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் யார்கிட்டயாவது காட்டலாமே?" என்றார் வெங்கடகிருஷ்ணன்.

"பத்து பேர் ஓட்டினா. எல்லாரும் எனக்கு வேண்டியவா, பிரமாதம்னுட்டா. என்னைக் கண்டா ஆகாத ஒருத்தன் பாக்கணும்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதே, உனக்கு என்மேல பொறாமைன்னு தெரியும். அதனாலேயே உன் கண்ணுலேர்ந்து ஒரு சின்னத் தப்புகூடத் தப்பாதுன்னுதான் குடுத்தேன். இப்பதான் எனக்கு நிம்மதி."

ப்ரியம்வதா கேட்டைத் தாண்டிவிட்டாள். மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும்.

வெங்கடகிருஷ்ணன் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். விஸ்வநாத் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணை எழுதலை, விஸ்வநாத்," என்றார் மூச்சிரைக்க. "மறந்துபோய் இல்லை."