பட்டி விடும் டப்பா

பால் பவுடர் டப்பாவின் பக்கவாட்டில் வெட்டியிருந்த இடுக்கு வழியே ஓரப்பட்டியை இழுத்துக் காட்டினார் குருநாதன். ஆனையைப் பிடித்து வந்து வாசலில் கட்டியவர் போல ஒரு முகம்.

பாப்பம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அடிவயிறு வலிக்கும் என்பதால் உதட்டைச் சுழித்ததோடு நிறுத்திக்கொண்டாள்.

வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகப் பையைக் கட்டி வைத்தாயிற்று. வயிற்றில் சின்னக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும், பத்து நாளில் வீடு திரும்பலாம். டாக்டர் அப்படிச் சொன்னதாகக் குருநாதன் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் துணைக்குத் தங்கச்சி சின்னத்தாயி இருப்பாள். இவர் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு மறுநாளே திரும்பி, சீசனுக்குள் ஏரிக்கரை ஓட்டல்காரருக்குப் பஞ்சுப் போர்வைகளைத் தைத்து முடிக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளைக்கு அவள் இடத்தில் ஒரு டப்பா!

பஞ்சு வைத்த போர்வைக்கு உயிரே அதன் ஓரம்தான். அந்த ஓரத்தைச் சுற்றி மடித்துத் தைக்கிற பட்டியை, கலியாணமாகி நாயுடுபுரத்துக்கு வந்த நாளிலிருந்து அவள்தான் விட்டுக்கொடுக்கிறாள். மெஷினுக்கு இடப்பக்கம் முக்காலி, மடியில் பட்டிச் சுருள். அவர் மிதிக்க மிதிக்க, விரலிடுக்கில் நழுவவிடுவாள். இறுக்கிப் பிடித்தால் போர்வை சுருங்கும். தளரவிட்டால் ஓரம் அலையலையாக நெளியும். மூலை வந்தால் அவளே நிறுத்தி, மடித்து, நகத்தால் கீறிக் கொடுப்பாள். தையல்காரர் என்று ஊரில் பேர் வாங்கியது என்னவோ குருநாதன்தான்.

கடைத்தெருவில் ஒருவர் பட்டியைத் தரையில் குவித்து வைத்துத் தைப்பார். தூசியும் பீடிச் சாம்பலும் சேர்ந்தே போர்வையில் ஏறும். இன்னொருவர் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். நாலு மூலை தைப்பதற்குள் நாலு தடவை தன் கழுத்தையே நெரித்துக்கொள்வார். அவர்களையெல்லாம் பாப்பம்மாள் தொழில்காரர்களாகவே மதித்ததில்லை. இப்போது அந்த வரிசையில் தன் வீட்டுக்காரரும் போய் நின்றுகொண்டது அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

"மூலை வந்தா நிறுத்துன்னு இந்த டப்பா ஒங்களுக்குச் சொல்லுமாக்கும்?"

"நீ வர்ற வரைக்கும் சோலி நிக்கக் கூடாதுல்ல" என்றார் அவர். அவள் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்க் குப்பியைத் தேடினார்.

இந்த மனுஷனின் கைவேலை அவளுக்குத் தெரியாதா?

பின்கதவுக்குக் கீல் விட்டுப்போய் வெகுகாலமாகிறது. கிழிசல் துணியால் ஒரு கட்டு, அவ்வளவுதான் அவருடைய ரிப்பேர். கூரைத் தகரம் ஒழுகுகிற இடத்தில் ஒரு சாக்கு. இப்போது சாக்கும் சேர்ந்து ஒழுகுகிறது. அவள் உட்காருகிற முக்காலிக்கே ஒரு கால் குட்டை, அதற்கடியில் அட்டையை மடித்து வைத்திருக்கிறார். கேட்டால் "இப்போதைக்கு இருக்கட்டும்" என்பார். அவருடைய இப்போதைக்கு ஏழெட்டு வருஷம் நீளும்.

இந்த டப்பாவும் அதே லட்சணத்தில்தான் இருக்கும். வெட்டின தகரம் பிசிறடித்து நிற்கும். நாலு முழம் இழுப்பதற்குள் பட்டி நார் நாராகக் கிழியும். அதை அவர் மூக்குக்கு நேரே காட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

இடுக்கில் விரலை விட்டுத் தடவினாள். பிசிறு இல்லை.

மேலும் கீழுமாக இன்னொரு தடவை தடவிப் பார்த்தாள். விளிம்புகளை உள்பக்கமாக மடித்து, ஈயம் பற்றவைத்து, அரம் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தார். அரம் என்ற ஒன்று வீட்டில் இருப்பதே அவளுக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

பட்டியை இழுத்தாள். உள்ளே கம்பியில் சுருள் சுழல, இறுக்கமும் இல்லாமல் தளர்ச்சியும் இல்லாமல் பட்டி வந்தது. அவள் விரல் விடுகிற அளவுக்கே வந்தது. எத்தனை சுருளைப் போட்டுப் போட்டு எடுத்து இந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தாரோ.

சரி, அடியில் கயிறாவது தொங்கும் என்று குனிந்து பார்த்தாள். கயிறு இல்லை. மெஷின் பலகையைத் துளைத்து ஸ்குரூ போட்டு முறுக்கியிருந்தார். டப்பாவைப் பிடித்து உலுக்கினாள். மெஷின்தான் ஆடியது.

அவளுடைய முழங்கால் வருகிற இடத்தில் டப்பா நின்றது. இனி அந்தப் பக்கம் முக்காலியைப் போட முடியாது.

பாப்பம்மாள் நிமிர்ந்தாள். பத்து நாளைக்கு இவ்வளவு பாடுபடுகிற ஆள் இல்லை இவர். பத்து நாளைக்கு என்றால் ஒரு நூலைச் சுற்றிக் கட்டிவிட்டு, இப்போதைக்கு இருக்கட்டும் என்றிருப்பார்.

அவளுக்குப் பயமாக இருந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, அன்னைக்கு என்னைய வெளிய பெஞ்சுல ஒக்காரச் சொல்லிட்டு, டாக்டரு ஒங்ககிட்ட என்ன சொன்னாரு?"

குருநாதன் குனிந்த தலை நிமிராமல் மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

ஊசிக்கடியில் துணி இல்லை.