வான்கோழிக்கு இல்லாத கொழுப்பு

எடை இயந்திரம் நூற்று இரண்டு என்றது.

ஒரு காலைத் தூக்கிப் பார்த்தேன். அப்போதும் நூற்று இரண்டு. மூச்சைப் பிடித்தேன். வயிறு உள்ளே போனது, எண் போகவில்லை.

மார்ச் முதல் வாரத்துக்குள் தொண்ணூற்றைந்து ஆக வேண்டும். அப்படி ஆனால்தான் என்னை அறுத்து, ஒரு சிறுநீரகத்தை எடுத்து, என் மனைவி நெவென்காவுக்கு வைப்பார்கள். இல்லாவிட்டால் இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஊசி குத்த அவள் கையில் இடம் மிச்சமிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ரத்தம் ஒத்துப்போனது. திசுவும் ஒத்துப்போனது. முப்பத்தோரு வருடக் கல்யாணத்தில் எங்களுக்குள் ஒத்துப்போன முதல் இரண்டு விஷயங்கள். என் தொந்திதான் ஒத்துழைக்கவில்லை.

அக்டோபரிலிருந்து பத்தியம். ரொட்டி இல்லை, பன்றி இல்லை, பிளம் சாராயம் இல்லை. நெவென்கா தராசு வைத்துச் சமைக்கிறாள். தோல் உரித்த வான்கோழித் தொடை, மண்பானையில், சின்னத் தீயில், மூன்று மணி நேரம். பக்கத்தில் வேகவைத்த கேரட்டும் முட்டைக்கோஸும். தட்டுக்கு நானூற்றைம்பது கலோரி. அதற்கு மேல் ஒரு பட்டாணிகூடக் கிடையாது.

அவளுக்கு வேறு சட்டி. இரண்டு முறை தண்ணீர் மாற்றி வேகவைத்த, உப்பில்லாத உருளைக்கிழங்கு. அதைச் சாப்பாடு என்று சொன்னால் உருளைக்கிழங்கே கூச்சப்படும்.

என் பத்தியமோ அமிர்தம்.

"பொறுமையா வெந்தா கொழுப்பே வேணாம், கிழவா" என்பாள்.

அதை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். டயாலிசிஸ் நர்ஸுக்குச் செய்முறையை எழுதியே கொடுத்தேன். அவள் செய்து பார்த்துவிட்டு, ரப்பர் மாதிரி வந்தது என்றாள். தீயை எப்படி வைக்க வேண்டும் என்று அவளுக்கு வகுப்பெடுத்தேன். முப்பது வருடம் கசாப்புக் கடையில் நின்றவன் சொன்னால், அவள் பாவம், கேட்டுக்கொள்ளத்தானே வேண்டும்.

எடை குறையாததற்கு என்னைத்தான் திட்டிக்கொண்டேன். தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ என்றுகூட ஒரு வாரம் சந்தேகப்பட்டேன்.

இன்று புதன்கிழமை. திங்கள், புதன், வெள்ளி அவளை டயாலிசிஸ் இயந்திரம் பிழிந்து அனுப்பும். நான்கு மாடி ஏறி வந்தவள் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். நான் கழற்றினேன். அதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.

மதியம் ஒரு மணி. பசி.

குளிர்காலத்தில் எங்கள் பால்கனிதான் குளிர்பெட்டி. நேற்றே சமைத்துப் பானையை அங்கே வைத்திருந்தாள். அதை உள்ளே எடுத்து வந்து சுடவைப்பது எப்போதும் அவள்தான். "நீ தொடாதே, உடைச்சிடுவே" என்பாள். என் கைராசி அப்படி. நானும் தொட்டதில்லை.

இன்று அவளை எழுப்ப மனம் வரவில்லை. வெறுங்காலோடு பால்கனிக்குப் போய் மூடியைத் திறந்தேன்.

வெள்ளை. விரல் தடிமனுக்கு, விளிம்பிலிருந்து விளிம்புவரை, ஜனவரியில் டிஸா ஆறு உறைந்ததுபோல.

விரலால் தட்டினேன். டொக் என்றது.

தோல் உரித்த வான்கோழி தலைகீழாக நின்றாலும் அப்படி உறையாது. அது பன்றிக் கொழுப்பு. பன்றி அறுத்த கையோடு நவம்பரில் அவள் தங்கை அனுப்பினாளே, அந்தத் தகர டப்பாவில் இருந்தது. கீழ்வீட்டு ஸ்லாவித்சாவுக்குக் கொடுத்துவிட்டேன் என்று நெவென்கா சொன்ன டப்பா. அது படியிறங்கவே இல்லை. கரண்டி கரண்டியாக என் வயிற்றில் இறங்கியிருக்கிறது.

மூக்கும் நாக்கும் முப்பது வருடம் தொழில் பார்த்த கசாப்புக்காரன் நான்.

திரும்பினேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊசி குத்திய கையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

"எவ்வளவு கொழுப்பு உனக்கு!" என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"என்னை அறுக்கட்டும், எனக்குப் பழகிப்போச்சு. உன்னை எதுக்கு அறுக்கணும்? வீட்ல ஒரு ஆளாவது முழுசா இருக்க வேணாமா?"

மூடி இன்னும் என் கையிலேயே இருந்தது. கால் விறைத்துக்கொண்டிருந்தது.

சொந்த விருப்பத்தில்தான் கொடுக்கிறீர்களா, யாராவது வற்புறுத்துகிறார்களா என்று மருத்துவர்கள் என்னை ஏழு முறை கேட்டிருக்கிறார்கள். தனியறையில் உட்காரவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். ஏழு முறையும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொன்னேன். அவளிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள்.

நான் என்ன செய்தேன்? மாதத்தைக் குறித்தேன், ஆஸ்பத்திரிப் பையைத் தயார்செய்தேன், கடைத்தெருவில் எல்லோரிடமும் சொன்னேன்.

அவளைக் கேட்கவில்லை.

மூடியைத் தரையில் வைத்தேன்.

"நெவென்கா, நான் குடுத்தா நீ வாங்கிக்குவியா?"

அவள் பால்கனிக்கு வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தாள். கீழே தெருவில் யாரோ கார்க் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டினார்கள். சுரண்டி முடித்து, வண்டியைக் கிளப்பி, போயும்விட்டார்கள்.

"பெரிய கரண்டியை எடுத்துட்டு வா" என்றாள். "சின்னதுல இதை வழிச்சு எறியறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும்."