வெறுந்தண்ணீர்க் குப்பி

வெறும் தண்ணீர் மூச்சு விடாது என்பது சவரிராயனுக்குத் தெரியாததல்ல. விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, திண்டிவனத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் எட்டு வருஷமாக உதவியாளர் வேலை பார்க்கிறவர். எலியின் ஈரல் துண்டைக் குப்பியில் போட்டு மூடுவார். ஈரல் காற்றை இழுக்க இழுக்க, பக்கத்துக் குழாயில் நீலத் தண்ணீர் இறங்கும். ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர் விட்ட குப்பி ஒன்றும் இருக்கும்; அதன் குழாயில் நீலம் இறங்காது. காற்று பட்டால் கணக்குத் தப்பும் என்பதால், அளவெடுத்து முடிகிறவரை ஃபேன் போடக் கூடாது.

1984 மார்கழியில், தைராய்டு ஊசி போட்ட எலியின் ஈரலுக்கு நீலம் மளமளவென்று இறங்கியது.

"கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பு மிஞ்சினா, ஈரல் செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா அடுப்பு மாதிரி எரியும் சவரி. பனியிலகூட உடம்பு காந்தும்," என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் சீனுவாசன் சாப்பிடப் போனார்.

சவரிராயன் அப்படியே உட்கார்ந்திருந்தார். போன மார்கழியில் அவர் மனைவி அமலோற்பவமேரி, வீங்கிய கழுத்தோடு வெறுந்தரையில் படுத்து, "உடம்பு காந்துதுங்க, ஃபேனைப் போடுங்க" என்று கெஞ்சினாள். "இந்தக் குளிர்ல இன்னாடி நடிப்பு?" என்று சுவிட்சை அணைத்தவர் அவர்தான். பொங்கலுக்கு முன்னால் அவளை அடக்கம் செய்தார்கள்.

வெறுந்தண்ணீர்க் குப்பியின் குழாயிலும் நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரலைவிட வேகமாக. மூடியை இறுக்கிப் பார்த்தார். குப்பியை மாற்றிப் பார்த்தார். நிற்கவில்லை.

எழுந்து போய் ஃபேனைப் போட்டார். நீலம் நின்றது.

"அளவெடுக்கறப்ப யாருய்யா ஃபேன் போட்டது? அணை," என்றபடி சீனுவாசன் உள்ளே வந்தார்.

சவரிராயன் சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும் சார். காந்துதாம்."