வளைவில் ஒரு குழி

கல் ஏற்றிய டிப்பர் லாரி வளைவில் சீறி வந்தது. ரெஜிலா மகளை இழுத்துக்கொண்டு வேலியோரம் ஒண்டினாள்.

"புது ரோடு போட்டதுலருந்து பிள்ளைய பள்ளிக்கூடம் விடவே பேடியா இருக்கு" என்று தன் பயத்தைச் சொன்னாள், பக்கத்து வீட்டு ஞானபாயிடம்.

"குழி கெடந்தப்பம் ஊர்ந்துல்லா போனான் மக்கா? இப்பம் பறக்கான்."

மறுநாள் காலையில் அதே வளைவின் நடுவே பெரிய பள்ளம் ஒன்று கிடந்தது. டிப்பர் ஊர்ந்து வந்து நின்றது.

"புது ரோட்டைத் தோண்டுனது எவன்? இந்த வார்டு மெம்பர் யாரு?" டிரைவர் கத்தினான்.

மகளோடு நின்ற ரெஜிலா, கொப்புளம் கண்ட கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நாந்தான் மெம்பரு" என்றாள். "பழைய குழிய மூட நிதி வாறதுக்கு நாலு வருசமாச்சு. இதுக்கும் இன்னைக்கே எழுதிப் போடுதேன்."