கராஜில் ஒரு கம்ப்ரஸர்

"இன்னைக்கு எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று கேட்டாள் ஸ்டெஃபா.

"அரை டம்ளர் இருக்கும்" என்றார் ஓரெஸ்ட், பனி ஒட்டிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டே.

"நேத்தைவிட ஜாஸ்தியா இருக்கே. நல்லா பாத்துக்கோ."

கராஜில் கிடக்கும் கம்ப்ரஸரைத்தான் இப்படி அக்கறையாக விசாரிக்கிறாள். படம் வரையும் ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று கொடுக்கிற மெஷின் அது. அவர்கள் மகன் லெவ்கோ வீட்டைவிட்டுப் போனபோது விட்டுப்போனது.

ரயில்வே வேலையை உதறிவிட்டு, ஹாக்கி கோல்கீப்பர்களின் முகமூடியில் புலியும் மண்டையோடும் வரைந்து பிழைக்கப்போவதாக லெவ்கோ சொன்ன அன்று வீட்டில் பெரிய ரகளை. இனிமேல் என் சாப்பாட்டு மேஜையில் அவன் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்றாள் ஸ்டெஃபா. ஓரெஸ்ட்டும் வீறாப்பாகத் தலையாட்டித் தொலைத்தார். பையன் வினிபெக் நகரத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச நாளிலேயே மனுஷருக்குப் பிள்ளை நினைப்பு தாங்கவில்லை. ஆனால் அந்தச் சின்ன வீட்டில் எந்த மூலையில் நின்று போன் பேசினாலும் ஸ்டெஃபாவின் காதுக்குப் போய்விடும். குளிர் இறங்கியதும் ஒரு யோசனை வந்தது. கம்ப்ரஸரைக் கவனிக்காமல் விட்டால் வீணாகிவிடும் என்று சொல்லி, சாப்பிட்டதும் தினமும் கராஜுக்குப் போக ஆரம்பித்தார்.

பொய் சொல்லவும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. பெயின்ட் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்து, தினம் ஒன்றாக ஸ்டெஃபாவிடம் அவிழ்த்துவிட்டார். டேங்குக்குள் ஈரம் சேரும், வடிக்காவிட்டால் உறைந்து வால்வைக் கெடுக்கும். ரப்பர் குழாய் விறைத்து வெடிக்கும், கழற்றிச் சுருட்டி வைக்க வேண்டும். குளிரில் கிடந்த மெஷினை உடனே ஓட்டக் கூடாது, முதலில் சூடுபட வைக்க வேண்டும். அவளும் ஒன்று விடாமல் கேட்டுக்கொள்வாள்.

உண்மையில் அவர் அதைத் தொட்டதே இல்லை. ஸ்டெஃபா பழைய ரஜாயைப் போர்த்தி ஓரமாக வைத்தது வைத்தபடி இருந்தது. எதையாவது திருகப்போய் முகத்தில் வெடித்தால் என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி, மகனுக்குப் போன் போடுவார்.

லெவ்கோவும் நன்றாகத்தான் பேசுவான். சில நாள் அவன் குரலுக்குப் பின்னால் ஏதோ கடகடவென்று ஓடும். என்னடா சத்தம் என்றால், பழைய ஃப்ரிட்ஜ்ப்பா என்பான்.

ஓரெஸ்ட்டுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஜனவரி ஆறாம் தேதி, அவர்கள் பழைய காலண்டர்படி கொண்டாடும் கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பையன் வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார வேண்டும். அவனைக் கூப்பிட வாய் வரை வரும். ஸ்டெஃபா கதவைச் சாத்திவிட்டால் அதோடு எல்லாம் முடிந்துபோகும் என்று நினைத்து விழுங்கிவிடுவார்.

ஐந்தாம் தேதி மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள், மைனஸ் நாற்பது வரை போகுமாம். சொட்டுத் தண்ணீர்கூட வடிக்காத டேங்க். விரிசல் விட்டுவிட்டால் பையன் முகத்தில் எப்படி விழிப்பது? வீட்டுக்குள் தூக்கி வந்துவிடலாம் என்று ஓரெஸ்ட் கராஜுக்கு ஓடினார்.

ரஜாயை உருவினார். உள்ளே, பனி உருகுவதற்காக ரோட்டில் தூவும் உப்பு மூட்டை இருந்தது. அதன்மேல் ஒரு பழைய பெயின்ட் டப்பா.

எந்தப் படுபாவி எப்போது தூக்கிக்கொண்டு போனானோ. போலீஸுக்குச் சொல்லலாம் என்றால், முதலில் ஸ்டெஃபாவிடம் சொல்ல வேண்டும்.

அடுக்களையில் அவள் நாளைய விருந்துக்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தாள். ஓரெஸ்ட் வாசற்படியிலேயே நின்றார்.

"மெஷினைக் காணோம். எவனோ திருடிட்டான்."

அவள் நிமிரவில்லை. "நேத்து அரை டம்ளர் தண்ணி வடிச்சியே?"

இனி மறைத்துப் பயனில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தண்ணீரும் இல்லை, வால்வும் இல்லை, கராஜில் உட்கார்ந்து லெவ்கோவோடு பேசிக்கொண்டிருந்ததுதான் உண்மை. திட்டுவதென்றால் திட்டு, ஆனால் அவன் இல்லாமல் நாளைக்கு என்னால் ஒரு வாய் சாப்பிட முடியாது என்றார்.

ஸ்டெஃபா கையிலிருந்த கொழுக்கட்டையின் ஓரத்தை நிதானமாக அழுத்தி மூடினாள்.

"அவனை வரச் சொன்னியா?"

"உன்னைக் கேக்காம எப்படிச் சொல்றது?"

"போலீஸுக்கெல்லாம் சொல்லி வைக்காதே" என்றாள் அவள், அடுத்த கொழுக்கட்டைக்கு மாவை எடுத்துக்கொண்டே. "அது இல்லாம எப்படி வேலை செய்வான்னு, அக்டோபர்லயே நான்தான் கொண்டுபோய் அவன்கிட்ட குடுத்துட்டு வந்தேன்."