நெற்றியில் ஒட்டிய சீட்டு

தேடுபொறி ஒன்றிடம் ஒரு சிலந்தி வேலை பார்த்தது. இணையப் பக்கங்களைச் சுற்றிவந்து, எது எங்கே இருக்கிறது என்று ஏட்டில் குறித்துவைப்பதுதான் அதன் வேலை.

ஒருநாள் அது, ரத்ததானம் செய்பவர்களின் பெயர்கள் இருந்த பழைய பக்கத்துக்குப் போனது. அங்கே ஒன்றுமே இல்லை.

"எல்லாம் புதுப் பக்கத்துக்குப் போயாச்சு. என் பெயரை அடிச்சிட்டு அதைக் குறிச்சுக்கோ," என்று பழைய பக்கம் வழிகாட்டியது.

சிலந்தியும் பெயரை அடித்துவிட்டு அங்கே ஓடியது. புதுப் பக்கம் பளிச்சென்று இருந்தது. ஆனால் அதன் நெற்றியில் ஒரு சீட்டு: 'என்னைக் குறிக்காதே.'

"என்னம்மா இது? அங்கே குறிங்கிறாங்க, இங்கே நீ வேண்டாங்கிறே?"

"எனக்கும் புரியலைண்ணே. என்னைக் கட்டினவங்க, வேலை முடியிறவரை இருக்கட்டும்னு ஒட்டினாங்க. முடிஞ்சு மூணு வாரமாச்சு, எடுக்க மறந்துட்டாங்க போல."

"நீயே கிழிச்சுப் போடேன்."

"ஒட்டினவங்கதானே எடுக்கணும்?"

சிலந்திக்குத் தலை சுற்றியது. மறுபடி பழைய பக்கத்திடம் ஓடிப்போய்க் கேட்டது. "என்னால வழிதான் சொல்ல முடியும்," என்றது அது. என்ன செய்வதென்று தெரியாமல் சிலந்தி சீட்டுக்குக் கட்டுப்பட்டு, எதையும் குறிக்காமல் திரும்பியது.

அன்று மாலையே ஒரு பெண் தேடுபொறியில் அவசரமாகக் கேட்டாள்: "ஓ நெகட்டிவ் ரத்தம் வேணும், எங்கே கிடைக்கும்?"

சிலந்தி ஏட்டைப் புரட்டியது. பழைய பெயர் அடிபட்டிருந்தது. புதிய பெயர் எழுதப்படவில்லை. புதுப் பக்கத்தில் அந்த வகை ரத்தம் உள்ளவர்கள் நாலு பேர் இருந்ததை அது தன் கண்ணால் பார்த்திருந்தது. ஆனால் ஏட்டில் உள்ளதை மட்டுமே சொல்ல அதற்கு அனுமதி.

"அப்படி எதுவும் இல்லை," என்று பதில் அனுப்பிவிட்டு, தான் சொன்னது பொய்யா மெய்யா என்று தெரியாமல் வெகுநேரம் அங்கேயே நின்றது.