சம்பந்தி மென்றுகொண்டிருக்கிறார்

பல்காஷ் ஏரிக்கரை வீட்டில் சமோவார் கொதிக்கிறது. ஜன்னல் வெயில் நேராக நடுத்தட்டில் விழ, அவித்த மாட்டிறைச்சியின் கொழுப்பு பளபளக்கிறது. வீட்டுக்காரன் தொக்தார்பெக் மட்டும் தட்டைப் பார்க்காமல் சம்பந்தியின் முகத்தையே பார்க்கிறான். வைக்கோல் கிடைக்காத குளிர்காலம் முழுக்க அவன் காளைக்குக் கருவாட்டுத் தூளைப் போட்டுத்தான் வளர்த்தான். அறுப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அதை நிறுத்தச் சொல்லி மனைவி குல்ஸீரா தலைபாடாக அடித்துக்கொண்டாள். மகன் கல்யாணத்துக்கு நாள் குறிக்க வரும் சம்பந்தி கொழுத்த கறி தின்னட்டும் என்று இவன் கடைசி வாரம் இரட்டைப் பங்கு போட்டான். இப்போது பெண்ணின் அப்பா மிர்ஸாகுல், விருந்தாளிக்குரிய முறைப்படி கறியை அரிந்து ஆளுக்கொரு துண்டு கையில் கொடுக்கிறார். கொடுத்ததை வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. எல்லோரும் மூச்சைப் பிடித்தபடி மெல்கிறார்கள். மாட்டுக்கறியைத் திரும்பியே பார்க்காத வீட்டுப் பூனை மிர்ஸாகுலின் மடியில் ஏறி உட்கார்ந்து அவர் விரலை நக்குகிறது.

"ருசி எப்படி சம்பந்தி?" தொக்தார்பெக் கேட்கிறான்.

மிர்ஸாகுல் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். கல்யாண விருந்துக்கென்று நிற்கும் இரண்டு காளைகளும் அதே தூள்தொட்டியை வழித்து நக்குகின்றன.

"கல்யாண நாளை ரெண்டு மாசம் தள்ளியே குறிச்சுக்கலாம்."

குல்ஸீரா கிண்ணத்தைக் கீழே வைக்கிறாள். "ஐயோ, பொண்ணு குடுக்க மாட்டீங்களாண்ணே?"

"பொண்ணு எப்பவோ உங்க பொண்ணும்மா. அதுங்க ரெண்டும் மறுபடி மாடாகட்டும்னுதான்."